மைக் அக்காவின் சாயங்காலக் குரல்

அந்தப் பேருந்து நிலையத்தில் அவள் முகத்தைத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். குரலைத் தெரியாதவர்கள் யாரும் கிடையாது. "வண்டி எண் பதினேழு, நான்காவது நடைமேடையிலிருந்து இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்" என்று அவள் சொன்னால், கழிப்பறை வரிசையில் நிற்பவன்கூடப் பதறாமல் நிற்பான். 'சற்று நேரம்' என்றால் எவ்வளவு என்பது அவளுடைய இழுவையிலேயே அவனுக்குத் தெரிந்துவிடும். ஓட்டுநர்கள், நடத்துநர்கள், பூட்டும் சீப்பும் விற்பவர்கள் எல்லாருக்கும் அவள் மைக் அக்கா. அவளைவிட வயதில் மூத்தவர்களுக்கும் அக்காதான்.

மாடிப்படி வளையும் இடத்துக்கு அடியில் அவளுடைய அறை. மூன்று பக்கம் கண்ணாடி, ஒரு பக்கம் சுவர். மேஜைமேல் கழுத்து வளைந்த மைக், அதன் பக்கத்தில் அழுத்திப் பிடித்தால் மட்டும் உயிர் வருகிற ஒரு சுவிட்ச். மின்விசிறி ஓடினால் அந்த இரைச்சலும் சேர்ந்து போகும் என்பதால் பேசும்போதெல்லாம் அதை நிறுத்திவிடுவாள். கோடையில் ரவிக்கை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொள்ளும். குரலில் மட்டும் ஒரு சொட்டு வியர்வை இருக்காது.

வேலையின் நுணுக்கமெல்லாம் அந்தச் சுவிட்சில்தான் இருந்தது. இருமல் வருகிறதா, விரலை எடு. எச்சில் விழுங்க வேண்டுமா, விரலை எடு. கொட்டாவி, தும்மல், பெருமூச்சு எதுவும் வெளியே போகக் கூடாது. கேட்பவர்களுக்கு அது வாக்கியத்தின் நடுவே ஒரு நிதானம் போலத் தோன்றும். வீட்டிலும் அவள் அப்படியே. காய்ச்சல் என்றால்கூட வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் எழுந்து தலையை வாரிக்கொள்வாள். தன்னை யாரும் நலுங்கிய கோலத்தில் பார்த்துவிடக் கூடாது என்பதில் அவளுக்கு அப்படி ஒரு பிடிவாதம்.

ஒருநாள் சாயங்காலம் அந்தக் குரல் மூக்குக்குள் போனது.

முதலில் சளி என்று நினைத்தாள். காலையில் சரியாக இருந்தது. மறுநாள் சாயங்காலம் மறுபடியும். 'நான்காவது' என்பது 'நாங்ஙாவது' என்று வந்தது. நாக்கு வாய்க்குள் பிறத்தியார் வீட்டுப் பொருள் போலக் கிடந்தது. விரலை எடுத்தாள், மூச்சு வாங்கினாள், மறுபடி அழுத்தினாள். பாதி வாக்கியம் தாண்டியதும் மறுபடி வழுக்கியது. நிதானங்கள் நீளமாகிக்கொண்டே போயின. சில நாளில் வலது கண் இமை பாதிக்குக் கீழே இறங்கிக்கொண்டது. எதிரே நிற்கும் ஒரு வண்டி இரண்டு வண்டியாகத் தெரிந்தது.

புகார் வர எவ்வளவு நேரமாகும்? 'அறிவிப்பு செய்யும் பெண் மாலை நேரத்தில் குடித்துவிட்டுப் பேசுகிறார்' என்று ஒருவர் எழுதிப் போட்டார். பிறகு இன்னொருவர்.

மேலாளர் கெட்டவர் இல்லை. அவளைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, சுவரில் இருந்த வழித்தட வரைபடத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு உங்களைத் தெரியும். ஆனா மேல கேட்டா நான் ஒரு பதில் சொல்லணும்ல? கொஞ்சம் ஊதிக் காட்டுங்க."

அவளுக்குக் காது வரை சுட்டது. இருந்தாலும் ஊதினாள். உதடு குவியவில்லை. காற்று கன்னத்தில் கொஞ்சமும் மூக்கில் கொஞ்சமுமாகப் போனது. மறுபடி முயன்றாள். கையால் உதட்டைக் கூட்டிப் பிடித்துப் பார்த்தாள்.

"ஊதுங்கம்மா. ஊத மாட்டேங்கிறீங்களா?" மேலாளரின் குரலில் முதல் தடவையாக ஒரு சந்தேகம் ஏறியது.

மறுநாளிலிருந்து அவள் தவறவிட்ட பொருட்கள் அறையில் உட்கார்ந்தாள். குடைகளும் ஒற்றைச் செருப்புகளும் மூடி தொலைந்த சாப்பாட்டுப் பாத்திரங்களும் அவளைச் சுற்றிக் கிடந்தன. "விசாரணை முடியற வரைக்கும்தான். பெரிய டாக்டர் யாராவது இது நோய்தான்னு எழுதிக் குடுத்தா, நானே மேல பேசி முடிச்சிடுறேன்" என்று மேலாளர் சொல்லியிருந்தார். மைக்கில் இப்போது வேறொரு பெண். அவள் 'நடைமேடை'யை விழுங்கி விழுங்கிப் பேசினாள். மைக் அக்கா குடைகளுக்கு நடுவே அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வீட்டில் இன்னொரு விசாரணை நடந்துகொண்டிருந்தது.

அவளுடைய கணவருக்கு பிரிட்ஜ், ஏசி பழுது பார்க்கும் தொழில். வாயில் எப்போதும் ஒரு திருகாணியாவது இருக்கும். அதனாலேயோ என்னவோ அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்துப் பேச அவருடைய அக்கா இருந்தாள். கணவனை இழந்த பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். பெரிய துணிக்கடை ஒன்றில், வாங்கிய துணியைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்களுக்கான கவுண்டரில் அவளுக்கு வேலை. "உடுத்தவே இல்லீங்க", "பிரிச்சதும் இப்படித்தான் இருந்துச்சு" என்று காலை முதல் இரவு வரை பொய் கேட்டுக் கேட்டு, யார் என்ன சொன்னாலும் தையலைப் பிரித்துப் பார்க்கிற கண் அவளுக்கு வந்துவிட்டது.

"காலையில பாரு, ஜம்முனு இருக்கா. சாயங்காலம் பாத்திரம் தேய்க்கற நேரம் வந்தா கரெக்டா கண்ணு சொருகுது. அதென்ன நோய், கடிகாரம் பாத்து வருது?" என்பாள் தம்பியிடம், அவன் மனைவியின் காதில் விழுகிற மாதிரி.

"அக்கா, விடுக்கா" என்பார் அவர், திருகாணியை ஒதுக்கிக்கொண்டு.

"நான் என்ன பிடிச்சா வெச்சிருக்கேன், விடுறதுக்கு?"

தொண்டை டாக்டர் தொண்டை பளிச்சென்று இருக்கிறது என்றார். கண் டாக்டர் கண்ணாடி எழுதிக்கொடுத்தார். மூன்றாவது டாக்டர் மெதுவான குரலில் வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டுவிட்டுத் தூக்க மாத்திரை கொடுத்தார். அதைச் சாப்பிட்ட ராத்திரி மூச்சே வராதது போல இருந்ததால் மிச்சத்தைத் தூக்கிப் போட்டாள். கண்ணாடி உதவவில்லை என்று மறுபடி போனபோது, கண் டாக்டர் அவள் இமையை நெடுநேரம் பார்த்தார்.

"இது கண்ணு சம்பந்தப்பட்டதே இல்லன்னு தோணுது. ஒரு அபூர்வமான நோய் உண்டு. நான் படிச்சிருக்கேன், ஆனா ஒரே ஒரு ஆளைத்தான் பாத்திருக்கேன். தலைமை ஆஸ்பத்திரியில அதுக்குன்னே ஒரு டாக்டரம்மா இருக்காங்க. வாரத்துல ஒருநாள் பாப்பாங்க. போயிட்டு வாங்க."

தலைமை ஆஸ்பத்திரி வேறு ஊரில், பேருந்தில் பாதி நாள் தூரம். கிளம்புவது என்று முடிவானதும் வீட்டில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்புகிற மாதிரி ஆகிவிட்டது. அவ்வளவு பெரிய டாக்டரை அலுத்துக் களைத்துப் போய்ப் பார்ப்பதா? கணவர் முந்தின நாளே அவளைக் கூட்டிக்கொண்டு போய் ஆஸ்பத்திரிக்கு எதிரில் ஓர் அறை எடுத்தார். அன்று முழுக்க அவள் வாயைத் திறக்கவில்லை, படுத்தே கிடந்தாள். விடியுமுன் கணவர் போய் வரிசையில் நின்று முதல் டோக்கன் வாங்கிவந்தார். அவள் குளித்து, இஸ்திரி போட்ட புடவை கட்டி, கொஞ்சம் பவுடரும் போட்டுக்கொண்டாள். நாத்தனாரும் வந்திருந்தாள். "என்னதான் சொல்றாங்கன்னு நானும் என் காதால கேக்கறேன்" என்று லீவு போட்டுவிட்டு.

டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். குட்டையாக வெட்டிய நரைமுடி. அவசரமே இல்லாமல் எல்லாவற்றையும் கேட்டார். மேலே பார்க்கச் சொன்னார். கண்ணை இறுக்கி மூடச் சொல்லித் திறந்து பார்த்தார். கையை நீட்டிக்கொண்டு நிற்கச் சொன்னார். மைக் அக்கா எல்லாவற்றையும் நன்றாகச் செய்தாள். எப்போதையும்விட நன்றாகவே செய்தாள். பள்ளிக்கூடத்தில் பரீட்சை எழுதுகிற பிள்ளை போலக் கவனமாக, எதிலும் தவறிவிடாமல்.

"பேச்சுல ஒண்ணும் தெரியலையே. முன்னைவிட இப்ப எப்படி இருக்கு?"

"இப்ப பரவாயில்லீங்க டாக்டர்" என்றாள், மணி போன்ற குரலில்.

அவள் அருகில் நின்ற கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

ரத்தம் எடுத்தார்கள். முடிவு வரச் சில வாரம் ஆகும் என்றார்கள். டாக்டரம்மா எழுதிய தாளில் முதல் வரியே, இன்றைய பரிசோதனையில் குறை எதுவும் தென்படவில்லை என்பதுதான். எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்து சொன்னார். "நான் பாத்தது உங்க நல்ல நேரத்தை. மோசமா இருக்கற நேரத்துல உங்களை எனக்குப் பாக்கணும். சாப்பிட முடியல, பேச முடியலங்கற நேரத்துல வாங்க. என்னிக்கா இருந்தாலும் சரி."

அதைப் போகச் சொல்லும் மரியாதை வார்த்தை என்றுதான் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

ஊருக்குத் திரும்புகிற வண்டி இரவில்தான். அந்த ஊர்ப் பேருந்து நிலையத்தில் ஒரு சிமெண்ட் பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தார்கள். வெயில் காலடி வரை வந்து பிறகு மெதுவாகப் பின்வாங்கியது. மைக் அக்கா அந்தத் தாளை மடித்து மடித்துப் பிரித்தாள்.

"இதைக் கொண்டுபோய்க் குடுத்தா என்ன ஆகும், தெரியுமா உங்களுக்கு? முதல் வரியைத்தான் படிப்பாங்க. நோய் இல்ல. அப்ப என்ன? குடிதான்" என்றாள்.

"யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க" என்றார் கணவர்.

"ஏற்கெனவே சொல்லிட்டாங்க! ஊதச் சொன்னாங்கங்க என்னை! இத்தனை வருஷம் ஒரு நாள்கூட..." அவள் நிறுத்தவில்லை. கல்யாணமான நாளிலிருந்து சேர்த்துவைத்ததெல்லாம் சேர்ந்து வந்ததுபோலப் பிற்பகல் முழுவதும் பேசினாள். அந்த மேலாளரைப் பற்றி, புதிதாக வந்த பெண்ணின் உச்சரிப்பைப் பற்றி, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாத கணவரைப் பற்றி. நாத்தனாரைப் பற்றியும், அவளை வைத்துக்கொண்டே. நாத்தனார் அதிசயமாகப் பதில் பேசாமல் பேருந்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் கணவர் மூன்று பேருக்கும் பால் வாங்கிவந்தார். மைக் அக்கா ஒரு வாய் குடித்தாள். அந்தப் பால் மூக்கு வழியாக வெளியே வந்தது.

அவள் சட்டென்று எழுந்து பெஞ்சுக்குப் பின்னால் இருந்த சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரு கையால் தாடையைத் தாங்கிப் பிடித்து, மறு கையால் முந்தானையை மூக்கில் வைத்து, சத்தம் வராமல் இருமினாள். புடவையில் பால் ஒழுகியது. கணவர் "என்ன, புரையேறிடுச்சா?" என்று முதுகைத் தட்டப் போனார்.

"இரு" என்றாள் நாத்தனார்.

எழுந்து வந்து மைக் அக்காவின் தோளைப் பிடித்துத் திருப்பினாள். வலது கண் முழுக்க மூடியிருந்தது. இடது கண் பாதி. முந்தானைக்கு மேலே தெரிந்த முகத்தில் அசைவே இல்லை.

"டேய் தம்பி" என்றாள் நாத்தனார் மெதுவாக. "என் கவுண்டர்ல பொய் சொல்ல வர்றவ ஒவ்வொருத்தியும் மூஞ்சியை என் பக்கம்தான்டா திருப்புவா, நான் நல்லாப் பாக்கணும்னு. இவ சுவத்துப் பக்கம் திருப்பறா." பிறகு குரலை உயர்த்தினாள். "பையை எடு. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

மைக் அக்கா தலையை ஆட்டினாள். "இந்நக் கோலத்துலயா? நாஙக்குக் காலையிங குளிச்சிட்டு..." என்று மூக்கால் வந்தது.

"காலையில போனா காலை மூஞ்சியைத்தான் பாப்பாங்க. உன் அழகை அவங்க ஏற்கெனவே பாத்தாச்சு. நட."

வெளிநோயாளிகள் பிரிவைப் பூட்டிவிட்டிருந்தார்கள். வாசல் காவலாளி, நாளைக்கு வாருங்கள் என்றார். நாத்தனார் அவரிடம் என்ன சொன்னாள் என்று கணவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. "உன் வீட்டுப் பொம்பளைன்னா" என்பதும் "எழுதிக் குடு, நாளைக்கு வரைக்கும் இவ உயிருக்கு நீ பொறுப்புன்னு" என்பதும் மட்டும் காதில் விழுந்தன. கொஞ்ச நேரத்தில் காவலாளியே முன்னால் நடந்து வழி காட்டிக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா வார்டு சுற்றை முடித்துக்கொண்டு தாழ்வாரத்தில் வந்தார். கலைந்த முடியும் கறை பட்ட புடவையுமாக நின்றவளை ஒரு கணம் பார்த்தார். அடையாளம் தெரிந்தது.

"இப்பதான் வந்திருக்கீங்க" என்றார். "உள்ள வாங்க."

நர்ஸ்கள் உட்காரும் சின்ன அறை. டாக்டரம்மா எதிரே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உங்க வேலை என்னன்னு சொன்னீங்க? அறிவிப்புத்தானே? எனக்கு இப்ப அறிவிப்பு செய்யுங்க. நான் போதும்னு சொல்ற வரைக்கும்."

மைக் அக்கா ஆரம்பித்தாள். வண்டி எண் பதினேழு, நான்காவது நடைமேடை. வண்டி எண் முப்பது, இரண்டாவது நடைமேடை. குரல் மூக்கோடு இழுபட்டது. ஆனால் வாக்கியத்தின் நடுவில் அவள் நிறுத்தினாள், மூச்சு வாங்கினாள், எச்சில் விழுங்கினாள், தொடர்ந்தாள். மறுபடியும் கொஞ்சம் தெளிந்துவந்தது. டாக்டரம்மா புருவத்தைச் சுருக்கினார். மைக் அக்காவின் வலதுகைச் சுட்டுவிரல் நாற்காலிக் கையில் அழுத்துவதும் எழுவதுமாக இருந்ததை நாத்தனார்தான் முதலில் பார்த்தாள். குனிந்து அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டாள்.

"நிறுத்தாதே" என்றாள். "வர்றது வரட்டும். மறைக்காம பேசு."

மைக் அக்கா பேசினாள். முதல் தடவையாக நடுவில் விரலை எடுக்காமல். எண்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. எழுத்துக்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. கடைசியில் வெறும் மூச்சும் ஒரு முனகலும்தான் வந்தன. தாடை தானாகத் தொங்கியது. இரண்டு கண்ணும் மூடிக்கொண்டன. மூடிய கண்களிலிருந்து நீர் வழிந்தது. துடைக்க இடதுகை எழவில்லை, வலதுகை நாத்தனாரிடம் இருந்தது.

"போதும்" என்றார் டாக்டரம்மா, மிகவும் மென்மையாக. "போதும்மா."

நர்ஸ் ரப்பர் கையுறை ஒன்றில் ஐஸ் கட்டிகளைப் போட்டுக் கட்டிக் கொண்டுவந்தாள். டாக்டரம்மா அதை வலது இமைமேல் வைத்துப் பிடித்துக்கொண்டார். சில நிமிடம் அப்படியே வைத்திருந்தார். எடுத்தபோது இமை திரைச்சீலை போல மேலே ஏறி, கண் திறந்திருந்தது. மைக் அக்கா அந்தக் கண்ணால் எல்லாரையும் திகைப்போடு பார்த்தாள்.

"ஐஸ் வெச்சா கண்ணு திறக்குதா?" கணவர் தன்னை அறியாமல் சொல்லிவிட்டார். "கல்யாணமானதுலேருந்து வெச்சிட்டிருக்கேன் டாக்டர், ஒண்ணும் நடக்கல."

டாக்டரம்மாவே சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். மூளை சொல்லி அனுப்பும் செய்தி நரம்பு வழியாக ஒழுங்காகத்தான் வருகிறது. அதை வாங்கிக்கொள்ள வேண்டிய தசையின் வாசலை, உடம்பின் காவல் படையே எதிரி என்று நினைத்து அடைத்துவிட்டது. "மைக்குல நீங்க சரியாத்தான் சொல்றீங்க. பயணிகள் காதுல யாரோ பஞ்சை அடைச்சிட்டாங்க. ஓய்வெடுத்தா, குளிர்ச்சி பட்டா, கொஞ்ச நேரம் கேக்கும். உழைக்க உழைக்க மறுபடி அடைச்சிக்கும். அதனாலதான் காலையில நல்லா இருந்து சாயங்காலம் விழுந்துடுறீங்க." நோயின் பெயரைச் சொன்னார். நீளமான, வாயில் நுழையாத பெயர். "விழுங்கறது இவ்வளவு மோசமாயிடுச்சுன்னா அடுத்தது மூச்சு. இன்னிக்கே படுக்கை போடறேன். நீங்க இன்னிக்கு ஊருக்குப் போற வண்டியில ஏறியிருந்தா..." என்று வாக்கியத்தை முடிக்காமல் விட்டார்.

கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மைக் அக்காவுக்கோ அந்த நீளமான பெயரை மறுபடி மறுபடி கேட்க வேண்டும்போல இருந்தது. அப்படி ஒரு கொடிய நோய் வந்ததற்காக ஒருத்தி நிம்மதி அடைவாளா? அவள் அடைந்தாள். அவளுக்கு நடந்ததற்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயர் குடி இல்லை. நடிப்பும் இல்லை.

மாத்திரை கொடுத்த அன்று நடந்ததை வார்டில் இருந்தவர்கள் மாயம் என்றார்கள். விழுங்கிய கொஞ்ச நேரத்தில் அவள் எழுந்து உட்கார்ந்து, பக்கத்துப் படுக்கைக்காரியின் ஊர் என்ன, பிள்ளைகள் எத்தனை என்று தெள்ளத் தெளிவாக விசாரித்தாள். ஆனால் மாயத்துக்குக் கெடு உண்டு. மாத்திரையின் பலம் இறங்கினால் குரலும் இறங்கியது. நெஞ்சைப் படம் எடுத்தார்கள். மார்பெலும்புக்குப் பின்னால் ஒரு சுரப்பி வீங்கியிருந்தது. அதை அறுத்து எடுக்க வேண்டும், அதற்கு முன்னால் உடம்பைத் தேற்ற வேண்டும், அதற்குச் சில வாரம் ஆகும் என்றார் டாக்டரம்மா.

"ஆபரேஷன்ல தொண்டையில குழாய் வைப்போம். எடுக்கறப்போ தசைக்குப் பலம் போதலன்னா கொஞ்ச நாள் அப்படியே இருக்க வேண்டி வரலாம். முன்னாடியே சொல்லிடறேன்."

"அப்புறம் குரல் வந்துடுமா டாக்டர்?"

"காலையில வரும். சாயங்காலத்துக்கு நான் வாக்குக் குடுக்க முடியாது. இதை முழுசா விரட்டிடலாம்னு சொன்னா அது பொய். கட்டிப்போட்டு வெக்கலாம். நிறைய பேர் அப்படி வாழறாங்க."

மைக் அக்கா போர்வையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். "பொய் சொல்லாததுக்கு ரொம்ப நன்றிங்க" என்றாள்.

கணவர் வேலைக்கும் ஆஸ்பத்திரிக்குமாக அலைந்தார். நாத்தனார்தான் கூடவே தங்கினாள். துணிக்கடையில் இருந்த லீவையெல்லாம் ஒட்டுமொத்தமாக எடுத்துவிட்டாள். எதையும் மசித்துத்தான் கொடுக்க வேண்டும், தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்துத்தான் விழுங்க வேண்டும் என்று நர்ஸ் காட்டிக்கொடுத்ததை இரண்டே நாளில் கற்றுக்கொண்டு, மூன்றாம் நாள் நர்ஸுக்கே திருத்தம் சொன்னாள். இன்னின்ன மருந்து இந்த உடம்புக்கு ஆகாது என்று டாக்டரம்மா சொன்னதை மனப்பாடம் செய்துவைத்துக்கொண்டு, ஊசியோடு யார் வந்தாலும் வழி மறித்தாள். "என்ன மருந்து? பேர் சொல்லு. சொல்லிட்டுக் குத்து."

டாக்டரம்மா புதிதாக எழுதிய தாளைக் கணவர் மேலாளரிடம் கொடுத்தார். அடுத்த வாரம் மேலாளரே பார்க்க வந்துவிட்டார். ஆப்பிள் பையும் சங்கடமுமாக, பார்வை நேரம் முடிகிற அந்திப்பொழுதில்.

நாத்தனார் கதவருகே மடக்கினாள். "இப்ப வேண்டாங்க. மாத்திரை இறங்கற நேரம். நாளைக்குக் காலையில வாங்க, நல்லா இருப்பா, நல்லாப் பேசுவா."

"வரட்டும் அண்ணி" என்றது உள்ளேயிருந்து மூக்கில் தோய்ந்த குரல். "இப்பவே வரட்டும்."

மேலாளர் உள்ளே வந்தார். இமை இறங்கிய முகம், தாடையைத் தாங்கிய கை, வாரப்படாத தலை. இத்தனை வருடத்தில் அவர் பார்த்தே இராத ஒருத்தி அங்கே சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். விசாரணையை மூடிவிட்டார்கள் என்றார். மேலே எல்லாருக்கும் ரொம்ப வருத்தம் என்றார். "ஆபரேஷன் முடிஞ்சு வாங்க. மாத்திரை போட்டா சரியாயிடுதாமே? பழையபடி ரெண்டு ஷிப்டும்..."

"முடியாதுங்க" என்றாள் மைக் அக்கா. ஒவ்வொரு சொல்லாகத் தள்ளித் தள்ளி வெளியே கொண்டுவந்தாள். அவர் புரியாமல் விழித்த இடங்களில் பொறுமையாக இரண்டாம் தடவை சொன்னாள். "காலையில பேசறேன். சாயங்காலம் என்னால முடியாது. சாயங்காலம் நான் இப்படித்தான் இருப்பேன்."

வாழ்க்கையில் எந்த அதிகாரியிடமும் அவள் 'முடியாது' என்று சொன்னதில்லை.

"சரிங்கம்மா. காலை ஷிப்டு உங்களோடது. நான் பாத்துக்கறேன்" என்றார் அவர். எழுந்தார். அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தைக் கண்டதும் மேலாளர் இரண்டடி பின்னால் போனார். கையைக் கூப்பினார். "மன்னிச்சிடுங்கம்மா. நான் அன்னிக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. மன்னிச்சிடுங்க" என்று படபடத்துவிட்டு, ஆப்பிளைப் படுக்கையிலேயே வைத்துவிட்டு வெளியேறினார்.

நாத்தனார் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "நல்லா வேணும் அந்தாளுக்கு. ஆனாலும் ஏன்டி, அவ்வளவு தூரம் வந்த மனுஷனை அப்படியா முறைக்கிறது?"

"முறைக்கல அண்ணி."

"பல்லைக் கடிச்சிட்டுப் பாத்தியே, எனக்கே பக்குனு ஆயிடுச்சு."

"சிரிச்சேன்." அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "டாக்டரம்மா கண்ணாடி குடுத்துக் காட்டினாங்க. சாயங்காலத்துல உதட்டு ஓரம் மேல ஏறாதாம். நடுவுல மட்டும் தூக்கிக்கும். நான் சிரிச்சா அப்படித்தான் தெரியும்."

நாத்தனார் ஆப்பிள் பையை எடுத்து அலமாரியில் வைத்தாள். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். வெளியே தள்ளுவண்டி ஒன்று சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டு போனது.

"நான் கடையிலேருந்து வர்றப்போ" என்றாள் கடைசியில், "நீ கதவைத் திறந்துட்டு என்னைப் பாப்பியே. அது?"

"ம்."

"தினமுமா?"

"தினமுந்தான் அண்ணி."

"காலெல்லாம் வீங்கி வருவேன்டி. வந்ததும் ஒருத்தி வாசல்லயே நின்னு பல்லைக் கடிக்கறாளேன்னு..." நாத்தனாரின் குரல் பாதியில் நின்றது. அவளுக்கு எந்த நோயும் இல்லை, ஆனாலும் குரல் வரவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். நாற்காலியைப் படுக்கையோடு ஒட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டினாள்.

"எங்க, இன்னொரு தடவை சிரி" என்றாள்.

மைக் அக்கா சிரித்தாள். மேலுதடு நடுவில் மட்டும் ஏறியது, பற்கள் தெரிந்தன, ஓரங்கள் அசையாமல் கிடந்தன. நாத்தனார் கவுண்டரில் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுபோல அந்த முகத்தைப் பார்த்தாள். பார்வையைத் திருப்பவில்லை.

"சரி" என்றாள். "தெரிஞ்சுக்கிட்டேன்."